கிளெப் சைக்காலஜி தேர்வு: கல்லூரியிடம் கேட்பதிலிருந்து கிரெடிட் ஏறும் வரை

அமெரிக்காவில் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் பொதுப்பாடப் பட்டியலில் 'இன்ட்ரொடக்டரி சைக்காலஜி' (அறிமுக உளவியல்) அநேகமாக இருக்கும். ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்புக்குப் போகாமல், ஒன்றரை மணி நேரத் தேர்வு ஒன்றை எழுதி அந்தப் பாடத்தின் 3 கிரெடிட்டையும் (பட்டத்துக்குக் கணக்காகும் பாட அலகுகள்) வாங்க வழி இருக்கிறது. அதுதான் கிளெப் தேர்வு. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது. மேல் வயது வரம்பு கிடையாது. ஏதாவது ஒரு கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்து கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) படிப்பைத் தொடங்கியவர்கள், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள், இங்கே ஹைஸ்கூல் முடிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். தேர்வைப் பற்றி இணையத்தில் ஆயிரம் குறிப்புகள் கிடைக்கும். ஆனால் பெயர் எப்படி இருக்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும், எந்தக் கல்லூரி இதை ஏற்காது என்பதையெல்லாம் நான் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. முதலில் கல்லூரியிடம் கேளுங்கள்

கிளெப்பை ஏற்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. மதிப்பெண் 20-லிருந்து 80 வரையிலான அளவுகோலில் வரும். 50 எடுத்தால் 3 கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கக் கல்விக் கவுன்சிலின் பரிந்துரை. அது பரிந்துரை மட்டுமே. கூடுதல் மதிப்பெண் கேட்கும் கல்லூரிகள் உண்டு, அறவே ஏற்காதவையும் உண்டு. கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) பல்கலைக்கழகங்கள் சைக்காலஜிக்கு 50 மதிப்பெண்ணை ஏற்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்கள் அடங்கிய யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா அமைப்போ கிளெப்புக்குக் கிரெடிட் தருவதில்லை. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு அங்கே மாறத் திட்டமிடும் பிள்ளைக்கு இந்தத் தேர்வால் பயன் இல்லை. ஆகவே இப்போது படிக்கும் கல்லூரியோடு நிறுத்தாமல், பின்னால் மாறப்போகும் பல்கலைக்கழகத்தின் விதியையும் பார்த்துவிடுங்கள். முதல் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) கிரெடிட் ஏறியிருந்தாலும், இரண்டாவது கல்லூரி அதைத் தன் விதிப்படிதான் மறுபடி எடைபோடும்.

கல்லூரியின் கேட்டலாக்கில் 'கிரெடிட் பை எக்ஸாமினேஷன்' என்றோ 'கிரெடிட் ஃபார் ப்ரையர் லேர்னிங்' என்றோ ஒரு பக்கம் இருக்கும். அதைப் படித்த பிறகு உங்கள் பாட ஆலோசகரான அட்வைசருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கேட்க வேண்டியவை: எத்தனை மதிப்பெண் வேண்டும்? உங்கள் கல்லூரியின் எந்தப் பாட எண்ணுக்கு ஈடாக இது ஏறும்? என் பட்டத்தில் எந்தத் தேவையை நிறைவு செய்யும்? தேர்வு வழியாக மொத்தம் எத்தனை கிரெடிட் வரை எடுக்கலாம்? மதிப்பெண் எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும்?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. "ஏற்போம்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அறிமுக சைக்காலஜிப் பாடத்துக்கு ஈடாக ஏற்றால் உங்களுக்கு லாபம். வெறும் 'எலெக்டிவ்' (விருப்பப்பாடம்) என்று ஏற்றினால், அந்தப் பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டி வரலாம். எனக்கு ஓர் அலுவலகத்தில் வாய்வழியாகச் சொன்ன பதிலும், பிறகு எழுத்தில் வந்த பதிலும் வேறு வேறாக இருந்தன. எதையும் எழுத்தில் வாங்குங்கள், வாங்கிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். நர்சிங் போன்ற படிப்புகளுக்கு முயல்பவர்கள்: சைக்காலஜியில் ஏ, பி என்று கிரேடு கேட்கும் இடங்கள் பல. கிளெப்பில் கிரேடு கிடையாது, கிரெடிட் மட்டுமே வரும், கிரேடுகளின் சராசரியான ஜி.பி.ஏ.யிலும் சேராது. எஃப்-1 மாணவர்கள்: இளநிலையில் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட்டுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். கிளெப் கிரெடிட் அந்த 12-இல் சேராது. இதை நம்பி ஒரு வகுப்பைக் கைவிட்டால் விசா நிலையிலேயே சிக்கல் வரும், ஆகவே முதலில் டி.எஸ்.ஓ.விடம் (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி) பேசுங்கள். ஹைஸ்கூலில் ஏ.பி. சைக்காலஜி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) எழுதிக் கிரெடிட் வாங்கிய பிள்ளைகள் இதையும் எழுத வேண்டாம். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் தரமாட்டார்கள்.

2. பெயரும் அடையாள அட்டையும்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இனிஷியல் போடும் வழக்கத்தால், தமிழ்நாட்டில் எடுத்த பல பாஸ்போர்ட்களில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேம் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, கல்லூரிப் பதிவில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும்.

தேர்வு நாளன்று நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும், காலேஜ் போர்டு கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். அட்டை அரசு வழங்கியதாக, காலாவதி ஆகாததாக, புகைப்படமும் கையெழுத்தும் உள்ளதாக இருக்க வேண்டும். மூல அட்டையையே கொண்டுபோங்கள், நகலோ போனில் உள்ள படமோ செல்லாது. அதனால் எந்த அட்டையைக் கொண்டுபோவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதில் உள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருந்தால் கணக்கிலும் விரிவாகவே போடுங்கள். அங்கே இனிஷியல், இங்கே முழுப்பெயர் என்று இருக்கக் கூடாது.

எஸ்.ஏ.டி.க்காக உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே காலேஜ் போர்டு கணக்கு இருந்தால், அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள், கடைசி வாரத்தில் வேண்டாம். கல்லூரிப் பதிவில் பெயர் வேறாக இருந்தால், மதிப்பெண் போய்ச் சேரும்போது ஆள் யாரென்று தெரியாமல் கிடப்பில் விழும். தேர்வுக்கு முன்பே மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் கல்லூரியின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு இரண்டு வடிவங்களையும் எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

3. செலவு: எவ்வளவு, எப்படிக் குறைப்பது

தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. ஜூலையில் ஓரிரு டாலர் ஏறுவது வழக்கம். இதைத் தவிர, தேர்வு நடக்கும் மையம் தனக்கென ஒரு கட்டணம் வாங்கும். மையத்துக்கு மையம் அது மாறும், பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள். பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்றின் கட்டணத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தன் மாணவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு அதைவிட அதிகம் என்று வைத்திருக்கும் மையங்களும் உண்டு.

முழுக் கட்டணத்தையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு கிளெப் பாடங்களுக்கு இலவச இணைய வகுப்புகள் நடத்துகிறது. சைக்காலஜி வகுப்பில் சேர்ந்து, காணொளிகளைப் பார்த்து, ஒவ்வொரு பகுதியின் கேள்விகளையும் முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சர் கேட்டு விண்ணப்பிக்கலாம். மையக் கட்டணத்தையும் ரசீது காட்டித் திரும்பப் பெறும் ஏற்பாடு அவர்களிடம் உண்டு. விதிகள் அவ்வப்போது மாறுவதால், தொடங்கும் நாளில் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வரிசைதான் முக்கியம். வவுச்சர் என்பது பணம் கட்டும் பக்கத்தில் இடும் குறியீடு, ஏற்கெனவே கட்டிய பணத்தை அது மீட்டுத் தராது. அதனால் முதலில் வகுப்பு, பிறகு வவுச்சர், அதற்கப்புறம் பதிவு. மையத்தில் கட்டும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது யாருக்கு லாபம்? கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்தவருக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் (கிரெடிட்டைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்) 46 டாலர்தான், ஆக 3 யூனிட்டுக்கு 138. அவர்களுக்குப் பண மிச்சம் பெரிதில்லை, ஒரு செமஸ்டர் நேரம்தான் மிச்சம். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டு மாணவர் என்ற விகிதத்தில் கட்டுபவர்களுக்கும் நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கும் மிச்சமாவது பெரிய தொகை. உங்கள் கல்லூரியின் ஒரு கிரெடிட் கட்டணத்தை மூன்றால் பெருக்கிப் பாருங்கள், விடை தானே தெரியும்.

4. பதிவும் இருக்கையும்: இரண்டும் தனித்தனி வேலை

காலேஜ் போர்டு தளத்தில் பணம் கட்டியதும் (அல்லது வவுச்சர் போட்டதும்) ஒரு நுழைவுச் சீட்டு வரும். அதில் தேதி இருக்காது. பலர் இதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தேர்வு மையத்தைத் தனியாகத் தொடர்பு கொண்டு நாள், நேரம் குறிக்க வேண்டும். பதிவு ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

பதிவின்போது மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கும். ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்புவார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் டிரான்ஸ்கிரிப்ட் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும். எங்கே சேரப்போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் அங்கேயே நிரப்பிவிடுங்கள். ஒரே நகரில் ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல இருக்கும், ஊரையும் வளாகத்தையும் சரிபாருங்கள்.

மே, டிசம்பர் மாதங்களில் கல்லூரித் தேர்வு மையங்கள் தங்கள் மாணவர்களின் இறுதித் தேர்வில் மூழ்கியிருக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டுமே கிளெப் நடத்தும் மையங்களும் இருக்கின்றன. பட்டம் வாங்கும் செமஸ்டரில் இருப்பவர்கள், கல்லூரி சொன்ன கடைசித் தேதிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் உண்டு, கேமரா வழியாகக் கண்காணிப்பார்கள். கதவு மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டும். டேப்லெட்டில் எழுத முடியாது. ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்டில் சின்னக் குழந்தையோடு இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். குழந்தை ஒரு தடவை கதவைத் திறந்து உள்ளே வந்தாலே தேர்வு கெட்டுப்போகலாம். மையத்துக்கே போங்கள்.

5. படிப்பது: என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு

சுமார் 95 கேள்விகள், 90 நிமிடம். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. கட்டுரை கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பாடம் 13 பகுதிகளாகப் பிரிந்திருக்கும். எந்தப் பகுதியும் தனியாக ஆதிக்கம் செலுத்தாது. வரலாறும் ஆய்வு முறைகளும், மூளையும் நரம்பும், கற்றல், நினைவும் சிந்தனையும், வளர்ச்சி, மனநோய்கள், சமூக உளவியல் ஆகியவை கனமானவை. புள்ளியியல் வெறும் 3, 4 சதவீதம்தான்.

முதல் வேலையாக, காலேஜ் போர்டு தளத்தில் இந்தத் தேர்வின் பக்கத்திலுள்ள பகுதிப் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். பாடநூலுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையத்தில் இலவசமாகத் தரும் சைக்காலஜி புத்தகம் போதும். அதில் 16 அத்தியாயங்கள். 13-ஆவது அத்தியாயமான தொழில்துறை உளவியல் கிளெப் பட்டியலில் தனிப் பகுதியாக இல்லை, அதைத் தாண்டிப் போகலாம். மீதி எல்லாவற்றையும் படியுங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் வழிகாட்டிகளை வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். மனநோய்களின் பெயர்களுக்கு இந்தத் தேர்வு 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 தொகுப்பைப் பின்பற்றுகிறது. அதற்கு முந்தைய புத்தகங்களில் ஆஸ்பெர்கர் தனி நோயாக இருக்கும், இப்போது அது ஆட்டிசம் ஸ்பெக்ட்ரத்துக்குள் அடங்கிவிட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் "வரையறு", "விளக்குக" என்று கேட்டே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே வரையறையை யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லி, இது எதற்கு உதாரணம் என்று கேட்பார்கள். விடைப் பட்டியலில் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய சொற்களையே வைப்பார்கள். வரையறையை மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு விடை சரியாகத் தோன்றும், நேரம் அங்கேதான் கரையும்.

ஆகவே ஃப்ளாஷ் கார்டு எழுதும்போது ஒரு பக்கம் சொல், மறுபக்கம் வரையறை என்று எழுதாதீர்கள். ஒரு பக்கம் சம்பவம், மறுபக்கம் சொல். சம்பவம் உங்கள் வாழ்க்கையிலிருந்து, தமிழிலேயே இருக்கட்டும். சொல் மட்டும் ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையில்லாமல். நான் வைத்திருந்த கார்டுகளில் சில:

காரில் பெல்ட் போடும் வரை 'டிங் டிங்' என்று கத்துகிறது. போட்டதும் நிற்கிறது. அதனால் ஏறியதும் பெல்ட் போடப் பழகுகிறோம். மறுபக்கம்: நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். தொல்லை ஒன்று விலகியதால் செயல் கூடியது. இதைத் தண்டனை என்று குறிப்பவர்கள்தான் அதிகம். பாசிட்டிவ் என்றால் ஒன்று சேர்கிறது, நெகட்டிவ் என்றால் ஒன்று விலகுகிறது. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்றால் செயல் கூடும், பனிஷ்மென்ட் என்றால் குறையும். இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தால் நான்கு கட்டமும் தெளிவாகிவிடும். சேட்டை செய்த பிள்ளையின் போனைப் பிடுங்கி வைப்பது நெகட்டிவ் பனிஷ்மென்ட்.

ஏ.டி.எம். பின் மாற்றியாகிவிட்டது. இயந்திரத்தின் முன் நின்றால் விரல் பழைய எண்ணையே அழுத்துகிறது. மறுபக்கம்: புரோஆக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ். பழையது புதியதை மறிக்கிறது. அடுத்த கார்டு: ஆறு மாதம் கழித்து யாரோ பழைய பின்னைக் கேட்கிறார்கள், புதியதுதான் வாயில் வருகிறது. மறுபக்கம்: ரெட்ரோஆக்டிவ்.

இரவில் தெருமுனையில் நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. நெஞ்சு படபடக்கிறது, அந்தப் படபடப்பை உணர்வதால்தான் பயம் வருகிறது என்றால் அது ஜேம்ஸ்–லாங்கே கொள்கை. படபடப்பும் பயமும் ஒரே நேரத்தில் வருகின்றன என்றால் கேனன்–பார்ட். படபடப்பு வந்து, "நாய் துரத்துகிறது, இது பயம்தான்" என்று மனம் பெயர் சூட்டிய பிறகே உணர்ச்சி உருவாகிறது என்றால் ஷாக்டர்–சிங்கர். மூன்றுக்கும் ஒரே நாயை வைத்துக்கொண்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

லாட்டரி, கேசினோ இயந்திரம் (எத்தனையாவது முறை பரிசு விழும் என்பது மாறிக்கொண்டே இருக்கும்): வேரியபிள் ரேஷியோ. பத்து காபி வாங்கினால் ஒன்று இலவசம்: ஃபிக்ஸ்டு ரேஷியோ. எத்தனை முறை செய்தோம் என்பதா, எவ்வளவு நேரம் ஆனது என்பதா என்று பார்த்தால் ரேஷியோவும் (முறை) இன்டர்வலும் (நேரம்) பிரிந்துவிடும்.

இப்படியே ஜோடி ஜோடியாகக் குழப்பும் சொற்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: ரிலையபிலிட்டி–வேலிடிட்டி, ரேண்டம் சாம்ப்ளிங்–ரேண்டம் அசைன்மென்ட், அசிமிலேஷன்–அக்காமடேஷன், ரெட்ரோகிரேட்–ஆன்டெரோகிரேட் அம்னீஷியா, சென்சேஷன்–பெர்செப்ஷன், இண்டிபென்டன்ட்–டிபென்டன்ட் வேரியபிள். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இன்னொரு ஜோடியும் முக்கியம். ஒரே உடலில் இரண்டு ஆட்கள் என்று படங்களில் காட்டுவது டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர். ஸ்கிசோஃப்ரீனியா முற்றிலும் வேறு. இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது, தொடர்பறுந்த பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள்.

ஆட்களின் பெயர்களுக்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெயரைக் கேட்டதும் ஒரு காட்சி வந்தால் போதும். வுண்ட் என்றால் லைப்ஸிக் ஆய்வகம், அதற்கு மட்டும் 1879 என்ற ஆண்டை வைத்துக்கொள்ளலாம். பாவ்லவ் நாய், வாட்சனின் குட்டி ஆல்பர்ட், ஸ்கின்னரின் பெட்டி, பாண்டுராவின் போபோ பொம்மை, ஹார்லோவின் துணித் தாய்க் குரங்கு, ஏன்ஸ்வொர்த் அறையில் தாயைப் பிரிந்து அழும் குழந்தை, ஆஷின் கோடுகள், மில்கிராமின் மின் அதிர்ச்சி, லாஃப்டஸின் சாட்சி நினைவு. குழந்தையின் சிந்தனை வளர்ச்சி பற்றிய பியாஜேயின் நான்கு கட்டங்களை மட்டும் வயதோடு படியுங்கள்: 2 வரை, 7 வரை, 11 வரை, அதற்கு மேல். உயரமான குவளைக்கு மாற்றியதும் பால் கூடிவிட்டதாகச் சொல்லும் குழந்தை இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்குமான வளர்ச்சி பற்றிய எரிக்சனின் எட்டுக் கட்டங்களை வரிசையாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு மூளைப் பகுதி சுலபம். மற்றவர்கள் ஒரு படத்தைக் கையால் வரைந்து பாருங்கள்: ஹிப்போகாம்பஸ் புதிய நினைவு, அமிக்டலா பயம், ஹைபோதலாமஸ் பசியும் உடல் வெப்பமும், செரிபெல்லம் சமநிலை, மெடுல்லா மூச்சும் இதயத் துடிப்பும். பேச்சு வராமல் திணறினால் புரோகா, சரளமாகப் பேசியும் பொருள் இல்லையென்றால் வெர்னிக்கே.

புள்ளியியலில் பொறியியல் படித்தவர்கள் ஒரு மாலை செலவழித்தால் போதும். நார்மல் வளைவில் ஒரு ஸ்டாண்டர்டு டீவியேஷனுக்குள் 68 சதவீதம், இரண்டுக்குள் 95. மைனஸ் 0.8 என்ற கோரிலேஷன் (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறும் தொடர்பு) பிளஸ் 0.5-ஐ விட வலுவானது. கோரிலேஷன் காரணத்தை நிறுவாது. இவை மூன்றும் திரும்பத் திரும்ப வரும்.

6. எத்தனை வாரம், எப்போது தயார்

வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு, நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் எட்டு வாரம் வசதியாக இருக்கும். முதல் ஐந்து வாரம் புத்தகமும் மாடர்ன் ஸ்டேட்ஸ் காணொளியும் சேர்ந்தே ஓடட்டும். காணொளியை மட்டும் நம்பாதீர்கள், கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். அடுத்த இரண்டு வாரம் ஜோடி நோட்டும் மாதிரிக் கேள்விகளும். கடைசி வாரம், கடிகாரம் வைத்து முழுத் தேர்வு.

காலேஜ் போர்டே இந்தப் பாடத்துக்கு வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி விலை குறைவு, அதில் உள்ள கேள்விகள்தான் உண்மைத் தேர்வின் சாயலுக்கு மிக அருகில் இருக்கும். அதைத் தொடக்கத்திலேயே பிரித்துத் தீர்த்துவிடாமல் கடைசி வாரத்துக்கு வையுங்கள். மற்ற தளங்களின் கேள்விகள் சில அபத்தமாகக் கடினமாக இருக்கும், சில வரையறையை அப்படியே கேட்கும். அவற்றில் வரும் மதிப்பெண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோகவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம்.

50 மதிப்பெண் என்பது 50 சதவீதம் என்று பொருளாகாது. சரியான விடைகளின் எண்ணிக்கையை அந்த 20–80 அளவுகோலுக்கு மாற்றித்தான் தருகிறார்கள். முன்பு பார்க்காத கேள்விகளில் தொடர்ந்து பத்துக்கு ஏழு சரியாக வரத் தொடங்கினால் நாள் குறிக்கலாம் என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கப் பழகாதவர்களுக்குத்தான் நேரம் இடிக்கும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தமிழ்வழியில் படித்து வந்த அக்கா தங்கைகள் இதற்கு அஞ்ச வேண்டாம். தினமும் ஒரு பக்கத்தைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்து, பிறகு மூடிவிட்டுத் தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். கேட்க ஆள் கிடைக்காவிட்டால் ஊரிலுள்ள அம்மாவுக்கு வாட்ஸ்அப் ஆடியோ அனுப்புங்கள். தமிழில் சொல்ல முடிந்தது உங்களுக்குள் நின்றுவிட்டது.

7. தேர்வு நாள்

நுழைவுச் சீட்டை அச்செடுத்து, முடிவு செய்துவைத்த அடையாள அட்டையுடன் அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். பெரிய வளாகமாக இருந்தால் கார் நிறுத்தும் அனுமதி பற்றி முந்தைய நாளே கேளுங்கள். போன், கைக்கடிகாரம், பை எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. குறிப்பெடுக்கத் தாள் அவர்களே தருவார்கள். உட்கார்ந்ததும், மறந்துவிடும் என்று பயப்படுகிற பட்டியல்களை அந்தத் தாளில் எழுதிவிட்டால் மனம் இலகுவாகும்.

முதல் சுற்றில் தெரிந்ததை மட்டும் போட்டுக்கொண்டே போங்கள். சந்தேகமானதற்கும் ஏதோ ஒரு விடையைக் குறித்துவிட்டு, பிறகு பார்க்க அடையாளமிட்டு நகருங்கள். கேள்வியில் 'நாட்', 'எக்செப்ட்' என்று இருந்தால் விரலை வைத்து ஒருமுறை திரும்பப் படியுங்கள். சில கேள்விகள் எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை, அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. எது என்று உங்களுக்குத் தெரியாது. புரியாத கேள்வி ஒன்று வந்தால் அது அந்த வகையாகவும் இருக்கலாம் என்று தாண்டிப் போங்கள். ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடாதீர்கள்.

8. எழுதிய பிறகு

மையத்தில் எழுதுபவர்களுக்கு, கட்டுரை இல்லாத இந்த மாதிரித் தேர்வில் மதிப்பெண் முடித்த கையோடு தெரிந்துவிடும். அதன் படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி கேட்ட மதிப்பெண் வரவில்லை என்றால், அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும், மறுபடி கட்டணமும் உண்டு. அடுத்த செமஸ்டர் பதிவுத் தேதியோடு இந்த மூன்று மாதத்தைப் பொருத்திப் பார்த்து, மறுபடி எழுதுவதா வகுப்பில் சேர்வதா என்று அன்றே முடிவெடுங்கள்.

மதிப்பெண் வந்தவர்கள், கல்லூரிக்குத் தானே போய் ஏறிவிடும் என்று இருந்துவிட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மாணவர் தளத்தில் டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பக்கம்) திறந்து பாருங்கள். சைக்காலஜிப் பாட எண்ணுக்கு நேராக 3 கிரெடிட் இருக்கிறதா, அல்லது எலெக்டிவ் என்று வேறு இடத்தில் கிடக்கிறதா என்று கவனியுங்கள். தவறாக ஏறியிருந்தால், முதல் படியில் வாங்கி வைத்த அந்த மின்னஞ்சலை இணைத்து ரெஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். அறவே ஏறவில்லை என்றால் பெயர் அல்லது மாணவர் எண் பொருந்தாததே பெரும்பாலும் காரணம். மதிப்பெண் படிவத்தின் நகலோடு நேரில் போனால் சீக்கிரம் முடியும்.

கல்லூரி மாறும்போது காலேஜ் போர்டிலிருந்து புதிய டிரான்ஸ்கிரிப்ட் நேராகப் புதுக் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும். பழைய கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் இருப்பது போதும் என்று பல கல்லூரிகள் ஏற்பதில்லை. மதிப்பெண்ணை 20 ஆண்டு வரை வைத்திருப்பார்கள். இடையில் பிள்ளை பெற்று, ஊர் மாறி, படிப்பை நிறுத்தி மறுபடி தொடங்குபவர்களும் அந்தக் கணக்கின் பயனர் பெயர், கடவுச்சொல், அதற்குக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை எழுதி வைத்திருங்கள். கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியில் கணக்கைத் தொடங்காதீர்கள், படிப்பை விட்டதும் அது மூடப்பட்டுவிடும்.